ஒரு மாதம் சைக்கிள் சும்மா நின்றால்

மார்ச் கடைசியில் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பணி. அது முடிந்த கையோடு விடைத்தாள் திருத்தும் முகாம். அதையும் தாண்டினால் ஈரோட்டில் நாத்தனார் மகள் கல்யாணம். இந்த மூன்றும் வரிசை கட்டி வந்த பிறகு ஒரு கணக்கு டீச்சருக்கு சைக்கிள் எங்கே ஓடும்? மாடிப்படிக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றது. பள்ளிக்கு விடுமுறை விட்ட பிறகுதான் வெளியே எடுத்தேன். இடைப்பட்ட நாட்களில் வீட்டில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. “ஒரு மாசமா காலையில நேரத்துக்குக் காபி கிடைச்சுது” என்று என் வீட்டுக்காரர் அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

வருத்தப்பட்டது போனில் பயிற்சிக் கணக்கு வைத்திருக்கும் செயலி மட்டும்தான். ‘ஃபிட்னஸ்’ என்று ஒரு கோடு வைத்திருக்கிறார்கள் அல்லவா, அது பாதிக்குச் சரிந்து கிடந்தது. எங்கள் சைக்கிள் குழுவில் பல பேர் இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மனம் உடைகிறார்கள். “ஆறு மாச உழைப்பு போச்சுங்க டீச்சர்” என்பார்கள். போகவில்லை. அந்தக் கோடு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்தால் இந்தப் புலம்பலே வராது. ட்ரெயினிங்பீக்ஸ் மாதிரியான செயலிகளில் அது 42 நாள் கணக்கில் போடும் ஒரு நகரும் சராசரி. ஓட்டாத ஒவ்வொரு நாளும் கையில் இருப்பதில் 42இல் ஒரு பங்கு கழியும். 41/42 என்ற பின்னத்தை 28 முறை பெருக்கிப் பாருங்கள், 0.51 வரும். அதாவது நான்கு வாரம் சும்மா இருந்தால், ஓட்டுபவர் யாராக இருந்தாலும், வயது என்னவாக இருந்தாலும், கோடு பாதியாகும். அது உங்கள் உடம்பை அளக்கவில்லை. சராசரியில் பூஜ்யங்களைச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

உடம்பை அளந்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். அமெரிக்காவில் எட்வர்டு காயில் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1984இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாட்கள் பயிற்சியே இல்லாமல் உட்கார வைத்து, நடுநடுவே சோதித்தார்கள். உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு (வி.ஓ.டூ மேக்ஸ் என்று கடிகாரம் காட்டுகிறதே, அதுதான்) முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதம் வரை இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. ஏழு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 7 எங்கே, 50 எங்கே!

அப்படியென்றால் முதல் நாள் ஏன் அவ்வளவு மூச்சு வாங்குகிறது? எனக்கும் வாங்கியது. சேலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து கன்னங்குறிச்சி வழியாக மூக்கனேரி வரை போய்த் திரும்பும் சமதளப் பாதை அது. மார்ச்சில் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நெஞ்சில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டை 130 என்று காட்டும். மே மாத முதல் காலையில் அதே வேகத்துக்கு 146. கால் வலிக்கவில்லை. பெடல் லேசாகத்தான் சுற்றியது. இதயம் மட்டும் மேலே மேலே போனது.

இது எட்டாம் வகுப்பில் நான் நடத்தும் எதிர் விகிதம். ஒரு நிமிடத்தில் இதயம் தள்ளும் ரத்தம் = ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவு பெருக்கல் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு. ஒரு பேச்சுக்கு, துடிப்புக்கு 100 மில்லி, நிமிடத்துக்கு 130 துடிப்பு என்று வைத்தால் 13 லிட்டர். அந்த வேகத்தில் போக உடம்புக்கு அந்த 13 லிட்டர் வேண்டும், அது மாறாது. துடிப்புக்கு 100 என்பது 90 ஆகிவிட்டால்? 13,000 வகுத்தல் 90, ஏறக்குறைய 144. என் பட்டை காட்டிய 146க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். என் இதயம் துடிப்புக்கு எத்தனை மில்லி தள்ளுகிறது என்று யாரும் அளந்து சொல்லவில்லை, உதாரண எண்தான். ஆனால் கணக்கு நடக்கும் விதம் இதுதான்.

சரி, அந்த 100 ஏன் 90 ஆகிறது? ரத்தம் குறைந்துவிடுவதால். தொடர்ந்து பயிற்சி செய்பவர் உடம்பில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கூடுதலாக இருக்கும். பயிற்சியை விட்டால் முதலில் கிளம்புவது அதுதான். காயில் குழுவே 1986இல் இதையும் சோதித்தது. இரண்டிலிருந்து நான்கு வாரம் பயிற்சி இல்லாதவர்களுக்கு ரத்தத்தின் மொத்த அளவு 9 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுக்கு டெக்ஸ்ட்ரான் கரைசலை ஏற்றி அந்தக் குறையை நிரப்பியதும், துடிப்புக்குத் தள்ளும் அளவு கிட்டத்தட்டப் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. இதய தசை பலவீனமானது பெரிய காரணமில்லை, குழாயில் தண்ணீர்தான் குறைவு. இதைப் படித்த அன்று எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. ஏனென்றால் போனவற்றில் சீக்கிரம் திரும்பி வருவதும் இந்தப் பிளாஸ்மாதான். ஒரு நல்ல பயிற்சிக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் உடம்பு அதைக் கூட்டத் தொடங்கிவிடும்.

எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன். தசைக்குள் கொழுப்பையும் சர்க்கரையையும் எரிக்கும் என்சைம்களும் இறங்குகின்றன. அவற்றின் அரை ஆயுள் 12 நாள், அதாவது குறையப் போவதில் பாதி 12 நாளில் குறைந்துவிடும் என்று அதே 1984 ஆய்வு சொல்கிறது. பயிற்சியால் தசையில் கூடுதலாக உருவான தந்துகிகள், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள், 84 நாளிலும் குறையவில்லை. ரோடு போட்டது போட்டபடி இருக்கிறது, வண்டிப் போக்குவரத்துதான் குறைந்துவிட்டது என்று வகுப்பில் சொல்வேன். இந்த என்சைம் குறைவை நான் உணர்ந்தது பசியில். முன்பு இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீரில் ஓட்டுவேன். இப்போது ஒரு மணி நேரம் தாண்டினாலே கை நடுங்குகிற பசி. உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு சர்க்கரையைச் சீக்கிரம் கரைக்கிறது என்று அர்த்தம். பின்பாக்கெட்டில் இரண்டு கடலை மிட்டாய் போட்டுக்கொண்டேன். அதைத் தின்ன வெட்கப்பட ஒன்றுமில்லை.

காய்ச்சல், டெங்கு என்று படுத்து எழுந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் அவர்கள் சைக்கிளைத் தொட வேண்டும். நான் சொல்வது என்னைப் போல வேலையால், விசேஷத்தால், மழையால் நின்றவர்களுக்கு.

இதில் சேலத்துக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு தொல்லை உண்டு. நாங்கள் திரும்ப ஆரம்பிக்கும் நேரம் அக்னி நட்சத்திரம். மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு முன்னதாகவே வியர்க்கும், நிறைய வியர்க்கும், ஆனால் வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். முகாமில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தே நான் அந்தப் பழக்கத்தைத் தொலைத்திருந்தேன். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பேடு வைத்த ஷார்ட்ஸுக்கு மேல் தொளதொளவென்று ஒரு கறுப்பு ட்ராக் பேன்ட் போட்டுத்தான் ஓட்டுவேன் (ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள்). வீட்டுக்கு வந்து கழற்றும்போது இடுப்புப் பட்டையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் வெள்ளையாக உப்புக் கோடு. ஹெல்மெட் வார் காய்ந்து விறைத்து நின்றது. முதல் வாரம் முழுக்க அப்படித்தான். அப்புறம் அந்தக் கோடு நாளுக்கு நாள் மங்கியது. நனைவது மட்டும் குறையவில்லை. செயலியின் கோட்டை விட இந்தக் கோட்டின் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

ஆக, எப்படி ஆரம்பித்தேன் என்றால், நேரத்தைக் குறைத்து நாட்களைக் கூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு வாரம் முழுக்கக் கால் பிடித்துக்கொண்டு உட்கார்வதை விட, வாரத்தில் நான்கைந்து காலை, ஐம்பது நிமிடம், ஒரு மணி நேரம். பிளாஸ்மா கூடுவது ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கும் கிடைக்கும் பதில் என்பதால் இடைவெளி விடாமல் தட்டிக்கொண்டே இருப்பதுதான் லாபம். காலை ஐந்தேகாலுக்கு விளக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

வேகத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் பதினேழாம் வாய்ப்பாடு. ஓட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓர் பதினேழு பதினேழு, ஈர் பதினேழு முப்பத்து நான்கு. பத்து வரைக்கும் இரைக்காமல் போக முடிந்தால் அதுதான் அன்றைக்குச் சரியான வேகம். ஏழு பதினேழு தாண்டும்போது வார்த்தை உடைந்தால் கியரை இறக்கிவிடுவேன். முன்னால் சின்னப் பல்சக்கரம், நிமிடத்துக்கு 85, 90 சுற்று. கனமான கியரைப் போட்டு மிதிப்பது வீரமாகத் தெரியும், முழங்கால்தான் பில் கட்டும். பால் பூத்தில் நின்ற ஒரு அம்மா நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போவதைப் பார்த்து, “பாவம், லீவுல கூட டீச்சருக்கு இதே நெனப்பு” என்றார்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி இருக்கிறான். அவனும் வேலை மாறுதலில் நான்கு வாரம் ஓட்டவில்லை. நல்ல கால். மறுபடி ஆரம்பித்த முதல் ஞாயிறே ஏற்காடு ஏறப் போனான். இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். போன முறை எடுத்த நேரத்தைக் கைப்பிடியில் காகிதத்தில் ஒட்டியிருந்தானாம். ஒன்பதாவது வளைவில் தொடை இறுகிக் கீழே உட்கார்ந்தவன், மேலே சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு மினி லாரியில் சைக்கிளோடு அடிவாரம் வந்து சேர்ந்தான். பழைய நேரம் பழைய ரத்தத்தில் எடுத்தது என்று அவனிடம் சொன்னேன். “டீச்சர், பாடம் எடுக்காதீங்க” என்றான். அதுவும் நியாயம்தான். அடுத்த வாரம் மூக்கனேரிச் சுற்றுக்கு என்னோடு வந்தான். வாய்ப்பாடு மட்டும் சொல்ல மறுத்துவிட்டான்.

ஏறுவதற்கு முன்னால் ஏறுவதைப் போல ஓர் இடம் வேண்டும். கோரிமேட்டிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரை ரோடு தெரியாத மாதிரி மேலே போகும். காரில் போனால் சமதளம் என்றே நினைப்போம். இரண்டு வாரம் சும்மா சுற்றிய பிறகு அங்கேதான் கொஞ்சம் அழுத்தினேன். மூன்று நிமிடம் வாய்ப்பாடு வராத வேகம், மூன்று நிமிடம் ஓய்வாக, அப்புறம் மறுபடி. வாரத்தில் இரண்டு காலைக்கு மேல் இதைச் செய்வதில்லை. அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன், “என்னங்க டீச்சர், ஆளையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லைங்களா?” என்றார். பேப்பர் திருத்தப் போயிருந்தேன் என்றதும், “எல்லாத்தையும் பாஸ் போட்டு விட்டீங்களா?” என்றார். டீ குடிக்கக் கூட எனக்கு மூச்சு அடங்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

உட்காரும் இடத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் முதல் வாரத்தில் மூச்சை விட அதுதான் பாடாய்ப் படுத்துகிறது. பிட்டத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்புகளின் மேல் உள்ள தோலும் சதையும் சீட்டை மறந்துவிடுகின்றன. உடனே மெத்தென்று ஜெல் உறை வாங்கி மாட்டாதீர்கள். எலும்பு அதில் புதைந்து, மற்ற இடங்களில் உரசும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று பத்து வினாடி விடுங்கள். உரசும் இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். ஒரு வாரத்தில் பழகிவிடும். முகாமில் குனிந்தே இருந்ததில் என் கழுத்தும் சேர்ந்துகொண்டு வலித்தது, அதற்கு ஓட்டுவதை விட ராத்திரி வெந்நீர் ஒத்தடம் நன்றாக வேலை செய்தது.

சைக்கிளுக்கும் ஒரு மாதம் ஒரு மாதம்தான். 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று அடித்து வைத்த டயரில் 35தான் இருந்தது. ரப்பர் ட்யூபில் காற்று தானாகக் கசியும், பஞ்சர் என்று பயப்பட வேண்டாம். செயினில் ஓரிடத்தில் மட்டும் பழுப்பாகத் துரு, துணியில் டீசல் நனைத்துத் துடைத்து எண்ணெய் விட்டதும் போய்விட்டது. சீட்டுக்கு அடியில் உள்ள பையைத் திறந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. பாதி உபயோகித்த பஞ்சர் சொல்யூஷன் உள்ளே கல்லாகக் காய்ந்திருந்தது. கருக்கலில் குப்பனூர் பக்கம் பஞ்சரான பிறகு அதைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஒருமுறை திறந்த ட்யூப் அதிக நாள் தாங்காது, புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

நாய்களைச் சொல்ல மறந்துவிட்டேன். கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு கூட்டம் உண்டு. என்னைப் பழகிக்கொள்ள அவற்றுக்கு ஒரு வருடம் பிடித்தது. பிப்ரவரியில் தலையைக் கூடத் தூக்காது. மே மாதம் போனால் நான்கும் எழுந்து துரத்துகின்றன. அவற்றுக்கும் பயிற்சி விட்டுப்போயிருக்கிறது. வேகமாக மிதித்துத் தப்பிக்க எனக்கும் அப்போது மூச்சில்லை. சைக்கிளை விட்டு இறங்கி, அதை நடுவில் வைத்துக்கொண்டு, “போடா, போ” என்று நிதானமாகப் பேசிக்கொண்டே பத்தடி உருட்டினால் அவற்றுக்கு ஆர்வம் போய்விடும். அவற்றுக்கும் பழைய பழக்கம் சீக்கிரம் திரும்பிவிட்டது. பத்து நாளில் மூன்று படுத்துவிட்டன. அந்தச் செவலை மட்டும் இன்னும் குரைக்கிறது.

மாதக் கடைசியில் அதே மூக்கனேரிப் பாதையில், அதே 22 கிலோமீட்டர் வேகத்தில், பட்டை 134 என்றது. முழுதாக வரவில்லை, வர வேண்டிய அவசரமும் இல்லை. போன ஞாயிறு அடிவாரத்தைத் தாண்டி ஐந்தாவது வளைவு வரை போய்த் திரும்பினேன். மாமியார் கீழே மல்கோவா வாங்கி வரச் சொல்லியிருந்தார், அந்தச் சாக்கும் இருந்தது. செயலியின் கோடு இன்னும் மார்ச் மாத உயரத்துக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. அது சராசரிதானே, மெதுவாகத்தான் ஏறும், பாவம்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால் குழுவாக ஏற்காடு மேலே வரை போவது என்று பேச்சு. பழைய வழியா, குப்பனூர் வழியா என்று வாட்ஸ்அப்பில் சண்டை நடக்கிறது. குப்பனூர் ரோடு குறுகல், வண்டி குறைவு, இளசுகள் எல்லாம் அதற்குத்தான் கை தூக்குகிறார்கள். நான் பழைய வழிக்கு ஓட்டுப் போட்டிருக்கிறேன், வளைவுக்கு வளைவு நின்று தண்ணீர் குடிக்க இடம் தெரியும். எந்த வழி என்றாலும் இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகிவிடும், விட்டு விட்டுத்தான் பிடிக்க வேண்டும். என் பின்சக்கரப் பிரேக் கட்டை தேய்ந்து கோடு மறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஐந்து ரோடு பக்கம் போய் மாற்ற வேண்டும். அப்படியே அந்தத் தம்பிக்கும் ஒரு பஞ்சர் சொல்யூஷன் வாங்கணும், அவன் பையில் இருப்பதையும் பார்த்துவிட்டேன்.